லடாக்கில் உடம்பு படுத்தினால்: ஹாஃப் மாரத்தான் ஓடுகிறவருக்கு ஒரு பதில்

கேள்வி இது: "ஜூனில் ஏழு நாள் லடாக் போகிறோம். நான், மனைவி, 61 வயது அப்பா. டெல்லி வழியாக லே வரை விமானம். மறுநாளே கர்துங் லா கணவாய் தாண்டி நுப்ரா பள்ளத்தாக்கு, அதற்கடுத்த இரவு பாங்காங் ஏரிக்கரையில் கூடாரம், பிறகு ஹான்லே. நான் ஹாஃப் மாரத்தான் ஓடுகிறவன், எனக்குப் பிரச்சினை இருக்காது. அப்பாவை நினைத்துத்தான் பயம். மறக்க முடியாத பயணம் என்று கிளம்பி நடுவழியில் உடம்பு கெட்டுத் திண்டாடிய அனுபவம் யாருக்காவது உண்டா? எப்படிச் சமாளித்தீர்கள்?"

பதில்:

ஆளை மாற்றிப் பயப்படுகிறீர்கள். உங்கள் அப்பாவைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. அவர் ஏற்கெனவே பயந்துபோய்த்தான் வண்டி ஏறப்போகிறார். மூச்சு வாங்கினால் உட்கார்ந்துவிடுவார், தலை வலித்தால் காரில் இருக்கிற அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொல்லுவார். நீங்கள் சொல்ல மாட்டீர்கள். பல வருடங்களாகத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்களை லடாக்குக்கும் ஸ்பிட்டிக்கும் கூட்டிப்போய் வருகிறேன். நான் பார்த்தவரை, அங்கே மோசமாகப் படுத்தவர்களில் அதிகம் பேர் நாற்பதைத் தாண்டாத, ஜிம்முக்குப் போகிற ஆண்கள். உடம்பு பலவீனம் என்பதால் இல்லை. "எனக்கெல்லாம் வராது" என்ற நினைப்பில் முதல் நாள் தலைவலியை மாத்திரை போட்டு மூடிவிடுகிறார்கள்.

ஓட்டப் பயிற்சி ஏன் இங்கே கைகொடுப்பதில்லை என்று முதலில் பார்த்துவிடலாம். மலைக்கு மேலே போனால் காற்றில் ஆக்சிஜனின் பங்கு குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். அது மெரினாவிலும் 21 சதவீதம்தான், கர்துங் லாவிலும் 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். லே நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3500 மீட்டர். அங்கே ஒரு மூச்சில் உள்ளே போகும் ஆக்சிஜன் சென்னையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். கர்துங் லாவில் பாதியைச் சற்றே தாண்டும். இந்தப் பற்றாக்குறைக்கு உடம்பு தன்னைத் திருத்திக்கொள்ள நாள் பிடிக்கும். மூச்சின் வேகம் கூட வேண்டும், அப்படிக் கூடியதால் ரத்தத்தில் மாறிப்போன காரத்தன்மையைச் சிறுநீரகம் சரிசெய்ய வேண்டும். இது யாருக்கு வேகமாக நடக்கும், யாருக்கு மெதுவாக நடக்கும் என்பது பெரும்பாலும் பிறவியிலேயே அமைந்த விஷயம். நீங்கள் ஓடி ஓடிப் பழக்கியது இதயத்தையும் கால் தசையையும். அவை அங்கே உங்களை வேகமாக நடக்க வைக்கும். அங்கே வேகமாக நடப்பதுதான் ஆபத்து.

வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறியிருக்கிறேன் என்று சிலர் சொல்லுவார்கள். நல்லதுதான், ஆனால் அது வேறு பரீட்சை. வெள்ளியங்கிரி 2000 மீட்டருக்குள் அடங்கிவிடும்; அங்கே ஒவ்வொரு சீசனிலும் காதில் விழுகிற மரணங்கள் பெரும்பாலும் மாரடைப்பு. தமிழ்நாட்டின் உச்சியான தொட்டபெட்டாவே 2637 மீட்டர். இந்த ஆக்சிஜன் பற்றாக்குறையால் வரும் உயர நோய் பொதுவாகத் தலைகாட்ட ஆரம்பிப்பது 2500 மீட்டருக்கு மேல். ஆக, நம் ஊரிலேயே இருந்துகொண்டு, "என் உடம்பு உயரத்தைத் தாங்குமா" என்று சோதித்துப் பார்க்க வழியே கிடையாது. லேயில் விமானம் இறங்கிய அன்றுதான் முதல் சோதனை.

அனுபவம் கேட்டீர்கள். சில வருடங்களுக்கு முன் திருப்பூரிலிருந்து ஒரு நண்பர் கூட்டம் வந்தது. பயணத் திட்டம் கிட்டத்தட்ட உங்களுடையதுதான்; ஒரு நாள் கூட்டச் சொன்னேன், எல்லாருக்கும் லீவு அவ்வளவுதான் என்றார்கள். அதில் ஒரு தம்பி, நல்ல உடம்பு, தினமும் ஜிம். கர்துங் லாவில் எல்லாரும் மூச்சிரைக்க நின்றபோது அவன் மட்டும் மஞ்சள் பலகைக்கு முன்னால் புஷ்-அப் எடுத்து ரீல் போட்டான். (அந்தப் பலகையில் பல காலமாக 18,380 அடி என்று எழுதியிருந்தது, அளந்து பார்த்த உயரம் 17,582 அடி, அதாவது 5359 மீட்டர். ரீல் போடுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் பொருட்டில்லை.) டெல்லியிலேயே அவனுக்கு லேசாகச் சளி பிடித்திருந்தது. லேயில் முதல் ராத்திரி தலைவலி, பாராசிட்டமால். நுப்ராவில் இருமல், மறுபடி பாராசிட்டமால். இது எதுவும் எனக்குத் தெரியாது, அவனோடு தங்கியிருந்த நண்பனுக்கு மட்டும் தெரியும்.

பாங்காங் ஏரி சுமார் 4250 மீட்டரில் இருக்கிறது. அங்கே ராத்திரி ஒரு மணிக்கு மேல் அந்த நண்பன் வந்து என் கூடாரத்தைத் தட்டினான். "அண்ணா, அவன் படுக்கவே மாட்டேங்கிறான். உக்காந்தே இருக்கான். படுத்தா மூச்சு முட்டுதாம்." போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். உதடு நாவற்பழம் தின்றவன் உதடு மாதிரி இருந்தது. ஒரு முழு வாக்கியத்தை ஒரே மூச்சில் பேச முடியவில்லை, நடுவில் இரண்டு இடத்தில் நின்று நின்று பேசினான். முதுகில் காதை வைத்தால் ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் மொறுமொறுவென்று ஒரு சத்தம். கைக்குட்டையில் துப்பியிருந்த சளி நுரையாக, லேசான ரோஸ் நிறத்தில் இருந்தது. இதற்கு மேல் மருத்துவர் வந்து சொல்ல ஒன்றுமில்லை. நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. மலையில் இதை 'ஹேப்' என்பார்கள். உயர நோயில் அதிக உயிரைக் குடிப்பது இதுதான். உயரத்துக்கு வந்த இரண்டாவது ராத்திரியிலிருந்து நாலாவது ராத்திரிக்குள்தான் பெரும்பாலும் வரும். குளிரும் உடலுழைப்பும் இதற்குத் தீனி.

மருந்து எதைவிடவும் முக்கியமான சிகிச்சை கீழே இறங்குவது. லடாக்கில் மாட்டிக்கொள்ளும் இடம் இங்கேதான், பயணம் போடுகிறவர்கள் வரைபடத்தில் இதைப் பார்ப்பதே இல்லை. பாங்காங்கிலிருந்து லேக்கு இறங்க வேண்டுமென்றால் முதலில் ஏற வேண்டும். நடுவில் சாங் லா கணவாய் நிற்கிறது, 5360 மீட்டர். மூச்சுக்குத் திணறுகிறவனை ஏரியைவிட ஆயிரம் மீட்டர் மேலே கொண்டுபோய்த்தான் கீழே கொண்டுவர முடியும். நுப்ராவிலிருந்து திரும்பும் வழக்கமான பாதையிலும் கர்துங் லா அதே வேலையைச் செய்யும்.

என் யோசனையெல்லாம் லேயிலேயே இருந்தது. லடாக்கி டிரைவர்தான் தடுத்தார். "ராத்திரியில் சாங் லா வேண்டாம், முதலில் தாங்ட்சே" என்றார். தாங்ட்சே கணவாய்க்கு இந்தப் பக்கம், ஏரியைவிடச் சற்றுத் தாழ்வான ஊர், சுகாதார நிலையம் உண்டு. வண்டியில் இருந்த உலோகச் சிலிண்டரைத் திறந்து மாஸ்க்கை மாட்டி, அவனைச் சாய்ந்த நிலையிலேயே உட்கார வைத்துப் போனோம். ஒரு படிகூட அவனை ஏற விடவில்லை. வண்டிக்கும் தூக்கித்தான் போனோம். ஆக்சிஜனும், நுரையீரல் ரத்தக்குழாயின் அழுத்தத்தைக் குறைக்கும் நிஃபெடிபின் மருந்தும் கொடுத்தார்கள். விடிந்து, பேச்சு சற்று நேரான பிறகு, ஆக்சிஜனை நிறுத்தாமலே கணவாயைத் தாண்டி லே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சில நாளில் நடந்தே விமானம் ஏறினான்.

அங்கே கட்டிலில் இருந்தபோது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா எல்லார் ட்ரிப்பும் கெட்டுடும்னு பார்த்தேண்ணா" என்றான். கெட்டது என்னவோ நிஜம். மற்றவர்கள் இரண்டு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் கழித்தார்கள். ஆனால் யாரும் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றைக்கும் அந்தக் கூட்டத்தில் யாரைப் பார்த்தாலும் பேச்சு அந்த ராத்திரிக்குத்தான் போகும், ஏரியின் நீல நிறத்தை ஒருத்தரும் பேசுவதில்லை. மறுபடி கூட்டிப்போகச் சொல்லி அவன் எனக்கு ஃபோன் செய்துகொண்டே இருக்கிறான். ஒருமுறை ஹேப் வந்தவருக்கு அதே வேகத்தில் ஏறினால் மறுபடி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிக அதிகம். மருத்துவரைப் பார்த்து, தரைவழியில், நிதானமாக என்றால் பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இந்த நோயைப் பற்றிப் பேசும்போது சார்ல்ஸ் ஹூஸ்டனை விட்டுவிட முடியாது. அமெரிக்க மருத்துவர், மலையேறி. 1936இல் மருத்துவ மாணவராக இருந்தபோது நம் நந்தா தேவியில் (7816 மீட்டர்) உச்சிக்குப் போகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இரண்டு பேரில் ஒருவர் அவர். கடைசி முகாமில் டப்பாவில் அடைத்த இறைச்சியைத் தின்று வாந்தியும் வயிற்றுப்போக்குமாகச் சுருண்டுவிட்டார். கூட இருந்த ஓடல் கீழே இருந்த முகாமுக்குக் குரல் கொடுத்தார். 'சார்லிக்கு உடம்பு சரியில்லை' என்று அவர் கத்தியது, காற்றில் 'சார்லி செத்துவிட்டான்' என்பதுபோலக் கேட்டு, கீழே இருந்தவர்கள் பதறியடித்து மேலே ஏறி வந்தார்கள். ஹூஸ்டன் தன் இடத்தைக் குழுவில் இன்னொருவரான டில்மனுக்கு விட்டுக் கீழே இறங்கினார். ஆகஸ்ட் 29 அன்று ஓடலும் டில்மனும் உச்சியைத் தொட்டார்கள். 1950 வரை மனிதன் ஏறிய மிக உயரமான சிகரம் அதுதான். ஒரு டப்பா இறைச்சியால் அந்தப் பெயர் ஹூஸ்டனுக்குக் கைநழுவிப் போயிற்று. அவர் இறங்கியதைத்தான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். படுத்துக்கொண்டே முகாமில் இடத்தை அடைத்திருந்தால் டில்மனும் ஏறியிருக்க முடியாது.

1953இல் அதே ஹூஸ்டன் கே2 மலைக்கு ஒரு குழுவைத் தலைமையேற்றுப் போனார். 7700 மீட்டருக்கு மேலே புயலில் நாள்கணக்காகக் கூடாரத்துக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள். புயல் சற்று ஓய்ந்து வெளியே வந்த ஆர்ட் கில்கி என்ற இளம் நிலவியல் ஆய்வாளர் அப்படியே சரிந்தார். காலில் ரத்தம் உறைந்திருந்தது, பிறகு அந்தக் கட்டி நுரையீரலுக்கும் போனது. உயரத்தில் ரத்தம் கெட்டியாகும், தண்ணீர் குடிப்பது குறையும், காலை நீட்டாமல் கிடந்தால் ரத்தம் தேங்கும். இளம் வயது இதில் எதற்கும் தடையில்லை. அவரைத் தூங்குபையில் சுற்றிக் கயிற்றில் இறக்கிக்கொண்டு வரும்போது ஒருவர் வழுக்கினார், கயிறுகள் பின்னிக்கொண்டன, ஐந்து பேர் சறுக்கிப் போனார்கள். பீட் ஷோனிங் என்ற ஒற்றை ஆள், பாறைக்குப் பின்னால் செருகியிருந்த பனிக்கோடரியில் கயிற்றைப் பிடித்து அத்தனை பேரையும் கில்கியையும் நிறுத்தினார். காயம்பட்டவர்களைக் கூடாரத்தில் சேர்த்துவிட்டு, பனியில் கட்டி வைத்திருந்த கில்கியை எடுக்கத் திரும்பியபோது அந்த இடத்தில் ஆள் இல்லை. பனிச்சரிவு அடித்துப் போயிருக்கலாம். நண்பர்களுக்குச் சுமையாக இருக்க வேண்டாமென்று தானே கட்டை அவிழ்த்துக்கொண்டார் என்று நினைக்கிறவர்களும் உண்டு. மற்ற அத்தனை பேரும் உயிரோடு இறங்கினார்கள். ஹூஸ்டன் அதற்குப் பிறகு பெரிய சிகரம் எதையும் தேடிப் போகவில்லை.

கொலராடோவின் ஆஸ்பென் ஊரில் மருத்துவம் பார்த்தார். அங்கே பனிச்சறுக்கில் மலையைத் தாண்டப் போன ஆரோக்கியமான ஓர் இளைஞர், நிமோனியா என்று எல்லாரும் நினைக்கும் நிலையில் அவரிடம் வந்தார். இதயத்தில் கோளாறில்லை, நுரையீரலில் மட்டும் நீர். கீழே கொண்டுவந்து ஆக்சிஜன் கொடுத்ததும் தேறிவிட்டார். 1960இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஹூஸ்டன் இதை எழுதிய பிறகுதான் ஆங்கிலம் படிக்கும் மருத்துவ உலகம் இதைத் தனி நோயாகக் கவனிக்க ஆரம்பித்தது. பெருவின் மருத்துவர்கள் இதை முன்பே கண்டிருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நம் நாட்டுக்கு இந்தப் பாடம் 1962 சீனப் போரில் வந்தது. சமவெளியிலிருந்து அவசரமாக மேலே ஏற்றப்பட்ட படைவீரர்கள் சண்டைக்கு முன்பே மூச்சுத் திணறலிலும் தலைவலியிலும் விழுந்தார்கள். ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் அவருடைய குழுவினரும் 1,925 வீரர்களைக் கவனித்து 1969இல் வெளியிட்ட ஆய்வை இன்றும் உலகம் முழுக்க மேற்கோள் காட்டுகிறார்கள். இப்போது ராணுவத்தின் வழக்கம் என்ன தெரியுமா? 9000 முதல் 12,000 அடிக்குள் ஆறு நாள், அதில் முதல் இரண்டு நாள் முழு ஓய்வு. அதற்கு மேல் 15,000 அடி வரை இன்னும் நாலு நாள். அதற்கும் மேல் மறுபடி நாலு நாள். இருபது வயது சிப்பாய்க்கு ஆறு நாள் கொடுத்துத்தான் அடுத்த படிக்கு அனுப்புகிறார்கள். உங்கள் டிராவல்ஸ்காரர் உங்களுக்குக் கொடுத்திருப்பது ஒரு ராத்திரி.

அதனால் திட்டத்தை மாற்றுங்கள். விமானத்தில் இறங்கியதும் லேயில் தங்காமல் நேராக நிம்மு அல்லது ஆல்ச்சி பக்கம் போய்விடுங்கள். சிந்து நதி ஓரமாகக் கீழே போகும் பாதை அது, உயரம் 3100 மீட்டரை ஒட்டித்தான் இருக்கும், லேயைவிடத் தாழ்வு. முதல் இரண்டு ராத்திரி அங்கே. பழைய மடாலயம், ஆப்ரிகாட் தோட்டம், தூக்கம், அவ்வளவு போதும். மூன்றாவது நாள் லே. அதன்பின் நுப்ரா. திஸ்கித்தும் ஹுந்தரும் லேயைவிடத் தாழ்வு என்பதால் தூங்குவதற்கு நல்ல இடம். கணவாயில் மட்டும் இறங்கி அதிக நேரம் நிற்காதீர்கள், தேநீர் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். 3000 மீட்டருக்கு மேல், தூங்கும் இடத்தின் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது என்பது மலையில் பொதுவான கணக்கு. பகலில் ஏறி இறங்குவதைவிட ராத்திரி எங்கே படுக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம்.

தரைவழி போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்ரீநகர், கார்கில் வழி படிப்படியாக ஏறும், நல்லது. மணாலி வழியில் சர்ச்சுவில் கூடாரம் போடுகிறார்கள், அது 4290 மீட்டர். நான் பார்த்த மோசமான ராத்திரிகளில் பல அங்கேதான். மணாலி வழிதான் என்றால் ஜிஸ்பாவில் தங்கி, மறுநாள் விடியலில் கிளம்பி, சர்ச்சுவை நிற்காமல் தாண்டிவிடுங்கள்.

மருந்து விஷயத்தில் நான் மருத்துவன் இல்லை. உயர நோயைத் தடுக்கச் சாப்பிடும் டயமாக்ஸ் மாத்திரை பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். வழக்கமாகச் சொல்லப்படுவது 125 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. கடையில் கிடைப்பது பெரும்பாலும் 250 என்பதால் பாதியாக உடைக்க வேண்டும். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் கட்டாயம் அதைச் சொல்ல வேண்டும். விரல் நுனி மரத்துக் குறுகுறுக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், பயப்பட வேண்டாம். கற்பூரத்தை மூட்டை கட்டி மோந்துகொண்டே வருவதால் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறாது. பத்து லிட்டர் என்று அச்சடித்து விற்கும் கைப்பிடி ஆக்சிஜன் டப்பாவும் அப்படித்தான்: நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் வைத்தால் ஐந்து நிமிடத்தில் காலி. அந்தக் காசுக்கு, நிஜமான சிலிண்டர் இருக்கிற டாக்ஸியாகப் பாருங்கள், கிளம்பும் முன் சிலிண்டரின் மீட்டர் முள்ளையும் பாருங்கள்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கொண்டுபோகலாம். ஆனால் லேயில் 85க்கும் 90க்கும் நடுவில் காட்டினால் அலறாதீர்கள், அங்கே வந்த புதிதில் அது சாதாரணம். கை சில்லிட்டிருந்தால் எண் பொய் சொல்லும். அதைவிட நம்பகமான சோதனைகள் இரண்டு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறதா? ஒரு கோட்டின் மேல் குதிகாலும் பெருவிரலும் தொடுகிற மாதிரி அடி வைத்து நடக்கும்போது தள்ளாடுகிறதா? முன்னது நுரையீரலில் நீர் கோப்பதன் அறிகுறி, பின்னது மூளை வீங்குவதன் அறிகுறி. இரண்டில் எது இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஆக்சிஜனை மாட்டிப் பக்கத்து மருத்துவ நிலையத்துக்குக் கிளம்ப வேண்டும். வெறும் தலைவலியும் குமட்டலும் என்றால் இருக்கிற இடத்திலேயே இருங்கள், அடுத்த ஊருக்கு ஏறாதீர்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் அடங்கிவிடும். முதல் மூன்று நாள் மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டாம், தூக்கத்தில் மூச்சை இன்னும் மந்தமாக்கும்.

உங்கள் மனைவியிடம் ஒரு வேலையை ஒப்படைத்துவிடுங்கள். தினமும் காலையில் மூன்று பேரும் தலைவலி, தூக்கம், இருமல், சாப்பாடு நான்கையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், முதலில் நீங்கள். திருப்பூர் தம்பிக்கு நடந்ததற்குப் பிறகு என் குழுக்களில் இதை டீயோடு சேர்த்து நடத்துகிறேன்.

அப்பாவுக்குப் புறப்படும் முன் இதயப் பரிசோதனை ஒன்று செய்துவிடுங்கள். சர்க்கரை இருந்து இன்சுலின் போடுகிறவர் என்றால் ராத்திரி அதை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், உறைந்துபோனால் வீண். குளுக்கோமீட்டரும் குளிரில் தடுமாறும். பி.பி.க்குச் சாப்பிடுவது சிறுநீரை அதிகமாக்கும் வகை மாத்திரை என்றால், டயமாக்ஸோடு சேரும்போது பொட்டாசியம் இறங்கலாம். சீட்டை டாக்டரிடம் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

பாங்காங்கை விட மனசு வரவில்லை என்றால் டிக்கெட்டை மாற்றி இரண்டு நாள் கூட்டுங்கள். நுப்ரா முடித்து லே திரும்பி, அதற்குப் பிறகு போங்கள், ஐந்தாறு ராத்திரி உயரத்தில் தூங்கிய உடம்போடு. போய் வந்ததும் விமானத்துக்கு முன் ஒரு நாள் லேயில் சும்மா இருக்கட்டும். ஹான்லேயை இந்த முறை திட்டத்திலிருந்து அடித்துவிடுங்கள். அங்குள்ள வானாய்வகம் 4500 மீட்டரில் இருக்கிறது, தங்கும் கிராமமும் பாங்காங் உயரத்துக்குக் குறையாது, ஆஸ்பத்திரி வசதிக்கு லேதான் வர வேண்டும், வழி ஒரு முழுப் பகல்.